தொகுதியும் பிரதிநிதியும்: ஒரு விமர்சன நோக்கு

பாராளுமன்ற சனநாயகம் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் அரசியல் யாப்பும் கட்சிகளும் தலைவர்களும் பெறுகின்ற கவனத்தைத் தொகுதி பெறுவதில்லை. தேர்தற் காலத்தில் சுவரொட்டிகள் ஒட்டப்படும் நிலப்பரப்பாகவும், தேர்தல் முடிந்ததும் பெரும்பான்மை வாக்குகளின் தொகையாகவுமே அது நமது எழுத்துகளில் இடம்பெறுகின்றது. ஆயின் கிராமத்து வாக்காளன் ஒருவன் அரசு என்னும் பெரும் பொருளை அறிந்துகொள்வது பெரும்பாலும் இரு வாயில்கள் ஊடாகவேயாம். ஒன்று விதானையார், மற்றையது தொகுதியின் உறுப்பினர். முன்னவர் மேலிருந்து அனுப்பப்பட்டவர். பின்னவர் தன்னால் அனுப்பப்பட்டவர் என்ற நினைப்பு வாக்காளனுக்கு உண்டு. அந்நினைப்பு எத்துணை மெய்யானது என்பதே ஈண்டு வினா.

அண்மைக் காலத்தில் ஒரு கருத்து மேடைகளிலும் பத்திரிகைகளிலும் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றது. முன்னர் ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் இருந்தார். அவருடைய வீட்டுப் படலை எங்கேயென்று எல்லோருக்கும் தெரியும். நன்மை செய்தால் வாக்கும், செய்யாவிடில் தோல்வியும் அவரைத் தேடி வந்தன. 1978 ஆம் ஆண்டு யாப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைப் புகுத்தியதோடு அவ்வுறவு அறுந்துபோயிற்று. ஆகவே தொகுதியை மீட்டால் உறவும் மீளும் என்பதே அக்கருத்து. இதில் உண்மை இல்லையெனச் சொல்வதற்கில்லை. ஆனால் இவ்வாறு பேசுவோர் எந்தத் தொகுதியை, யாருடைய தொகுதியை நினைத்துப் பேசுகின்றனர் என்று கேட்டுப் பார்க்கும்போது சிக்கல் தோன்றுகின்றது. பழைய தொகுதி எல்லோருக்கும் ஒரே தொகுதியாக இருக்கவில்லை.

பிரதிநிதித்துவம் பற்றிப் பேசப் புகுவோர் எட்மண்ட் பர்க்கைத் தொடாமற் செல்வதில்லை. 1774 நவம்பர் 3 ஆம் திகதி பிறிஸ்டல் நகர வாக்காளர் முன்னிலையில் அவர் ஆற்றிய உரை நம் அரசறிவியல் மாணவர்க்கு மனப்பாடம். உறுப்பினன் தன்னைத் தெரிந்தோரின் கட்டளைகளுக்குக் கட்டுண்டவனல்லன். தனது அறிவையும் மனச்சாட்சியையும் அவர்களுக்காகப் பயன்படுத்தக் கடமைப்பட்டவன் என்பது அவ்வுரையின் சாரம். நமது பாடநூல்கள் இவ்விடத்தில் நின்றுவிடுகின்றன. அதே தேர்தலில் அதே நகருக்குத் தெரிவான மற்றை உறுப்பினர் ஹென்றி குரூகர், வாக்காளரின் அறிவுறுத்தலுக்கு உறுப்பினன் கட்டுப்பட வேண்டும் என்ற கொள்கையினர் என்பதை அவை சொல்வதில்லை. பர்க்கின் உரை, வெற்றிடத்தில் எழுந்த தத்துவமன்று. பக்கத்தில் நின்ற ஒருவருக்கு அளித்த மறுமொழி. அயர்லாந்தின் வணிகம், கத்தோலிக்கர்க்கு விலக்களித்தல் ஆகியவற்றில் அவர் கொண்ட நிலைப்பாடு பிறிஸ்டல் வணிகர்க்கு உவப்பாக இருக்கவில்லை. 1780 இல் தோல்வி நிச்சயமெனக் கண்டு அவர் போட்டியினின்று விலகினார். பின்னர் மோல்ட்டன் என்னும் சிறு தொகுதியின் உறுப்பினராகவே பாராளுமன்றத்தில் இருந்தார். அத்தொகுதி ஒரு பிரபுவின் சட்டைப்பையில் இருந்தது. மனச்சாட்சிக்குச் சுதந்திரம் கேட்டவருக்கு, வாக்காளரைப் பெரிதும் பொருட்படுத்த வேண்டாத ஓரிடமே ஈற்றில் புகலிடமாயிற்று என்பது சிந்திக்கத்தக்கது.

தமிழ் மேடைகளில் இதற்கு ஈடாக எடுத்துக்காட்டப்படுவது உத்தரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் கூறும் குடவோலை முறையைத் தமிழர்தம் மக்களாட்சிக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அங்கு ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது; ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர் ஓலையில் எழுதிக் குடத்திலிடப்பட்டு, சிறுவன் ஒருவன் கையால் எடுக்கப்பட்டது. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் வேண்டும் என்ற விதிகளைப் படிக்கும்போது, இது பிராமண சபையொன்றின் நிருவாக ஒழுங்கேயன்றி மக்களின் தெரிவு அன்று என்பது வெளிப்படை. மக்களாட்சி என்ற புகழ்ச்சியைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அக்கல்வெட்டில் நாம் கற்க வேண்டியது வேறொன்று. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் குடத்திற் பெயரிடப்படத் தகுதியற்றோர் என்பது அவ்விதிகளுள் ஒன்று. தெரிவு செய்யும் முறையினும், தெரிவானவன் கணக்குக் காட்டும் முறையிலேயே அவ்வூரார் அதிகம் கவலை கொண்டிருந்தனர் போலும்.

இலங்கையிற் பிரதிநிதித்துவம் தொகுதியோடு பிறந்ததன்று. அது இனத்தோடும் வர்க்கத்தோடும் பிறந்தது. 1911 டிசம்பரில் 'படித்த இலங்கையர்' என்ற ஆசனத்திற்கு நடைபெற்ற முதலாவது தேர்தலில் பொன்னம்பலம் இராமநாதன் வெற்றி பெற்றபோது, நாடு முழுவதற்குமாக வாக்குரிமை பெற்றிருந்தோர் சுமார் 3,000 பேர். அவருடைய தொகுதி ஒரு நிலப்பகுதியன்று. ஆங்கிலக் கல்வி என்னும் ஒரு தகுதி. 1931 இல் டொனமூர் யாப்பு சர்வசன வாக்குரிமையைத் தந்து, அரசாங்க சபைக்கு ஐம்பது பிரதேச உறுப்பினர்களை வகுத்தபோதுதான் இன்று நாம் கருதும் தொகுதி தோன்றிற்று. அதற்கு முன் குடித்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரே வாக்காளர். வாக்குரிமை இவ்வாறு அகலுவதை எதிர்த்தோரில் இராமநாதனும் ஒருவர் என்பது மறைக்க வேண்டிய செய்தியன்று.

அம்முதற் தேர்தலை யாழ்ப்பாணம் எவ்வாறு எதிர்கொண்டது என்பது நம் அரசியற் குணத்தைக் காட்டுவது. பூரண சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் விடுத்த அழைப்பையேற்றுக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் எவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. 1934 வரை அவ்வாசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. முதன்முறையாக வாக்குரிமை பெற்ற கூலியாளும் பெண்ணும் அதனைப் பயன்படுத்துமுன்னரே, படித்த இளைஞர் சிலர் அவர்களுக்காக அதனைத் துறந்தனர். இளைஞரின் இலட்சியம் உயர்ந்ததே. ஆயினும் தொகுதியின் உடனடித் தேவைக்கும் அரசியலின் தூரத்து இலட்சியத்துக்கும் இடையே தெரிவு நேரும்போது, தொகுதியே விட்டுக்கொடுக்கும் என்ற வழக்கம் இங்கு தொடங்கிற்று என்று கொள்வது தவறாகாது.

சோல்பரி யாப்பின் கீழ்த் தொகுதிகள் வகுக்கப்பட்ட விதியை இன்றைய மாணவர் ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும். மாகாணமொன்றில் 75,000 ஆட்களுக்கு ஓர் ஆசனம். 1,000 சதுர மைலுக்கு மேலும் ஓர் ஆசனம். வாக்காளர் எண்ணப்படவில்லை, ஆட்கள் எண்ணப்பட்டனர். நிலப்பரப்பையும் சேர்த்ததால் மக்கள் செறிவு குறைந்த வடக்கும் கிழக்கும் சற்று நன்மையடைந்தன என்பதையே நாம் வழக்கமாகக் கூறுவோம். அவ்விதியின் மறுபக்கம் மலையகத்தில் தெரிந்தது.

1947 தேர்தலில் தோட்டப்பகுதித் தொகுதிகள் பல இலங்கை இந்தியக் காங்கிரசின் வேட்பாளர்களைத் தெரிந்தனுப்பின. நுவரெலியாவிலிருந்து எஸ். தொண்டமானும் தலவாக்கலையிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளையும் சென்றனர். அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தம் பிரசைகள் அல்லாதோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. 1952 இல் நாடு மீண்டும் வாக்களித்தபோது இத்தொகுதிகளின் எல்லைகள் முன்போலவே இருந்தன. ஆட்கள் முன்போலவே லயங்களில் வாழ்ந்தனர். கொழுந்து முன்போலவே பறிக்கப்பட்டது. வாக்கு மட்டும் இல்லை. 1959 ஆம் ஆண்டுத் தொகுதி நிர்ணயத்தின்போதும் ஆட்களே எண்ணப்பட்டனர். இதன் பொருள் யாது? தோட்டத் தொழிலாளியின் தலை ஆசனங்களின் தொகையைக் கூட்டுவதற்கு எண்ணப்பட்டது. அவ்வாசனத்துக்கு யாரை அனுப்புவது என்று தீர்மானிக்கும்போது எண்ணப்படவில்லை. அவனுடைய எண்ணிக்கையால் உருவான ஆசனங்களைச் சுற்றுப்புறக் கிராமங்களின் வாக்காளர் நிரப்பினர். அவ்வுறுப்பினர்கள் தம் தொகுதிக்கு மிக நெருங்கிய உறவினராக இருந்திருக்கலாம். பாலங்களும் பாடசாலைகளும் கொண்டுவந்திருக்கலாம். அவை தோட்டத்து வாயிலில் நின்றுவிட்டன. தொகுதி முறையின் பொற்காலம் என்று நாம் இன்று ஏக்கத்தோடு நினைவுகூரும் காலம் இதுதான்.

இவ்விடத்தில் சி. வி. வேலுப்பிள்ளையைப் பற்றிச் சில வார்த்தை கூறுதல் பொருந்தும். இலக்கிய மாணவர் அவரைக் கவிஞராகவும், 'வீடற்றவன்' முதலிய நாவல்களின் ஆசிரியராகவும், மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்தவராகவும் அறிவர். அரசியல் மாணவர் அவரை 1947 முதல் 1952 வரையான தலவாக்கலை உறுப்பினராக ஒரு வரியில் அறிவர். இரண்டையும் சேர்த்துப் பார்ப்போர் குறைவு. தன் வாக்காளரின் பெயர்கள் இடாப்பிலிருந்து வெட்டப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் உறுப்பினர், ஆசனம் போன பின்னரும் அதே மக்களைப் பற்றி மூன்று தசாப்தங்களுக்கு மேலாக எழுதினார். தொழிற்சங்கப் பணியிலும் நின்றார். சட்டத்தின் கண்ணில் அவர் 1952 உடன் அம்மக்களின் பிரதிநிதியல்லர். ஆனால் 'நாடற்றவர் கதை' எழுதிய கை யாருடைய சார்பில் எழுதிற்று? பிரதிநிதித்துவம் என்ற சொல்லுக்கு ஒருவருக்காக நின்று செயற்படுதல் என்றும், ஒருவரைக் கண்முன் நிறுத்திக் காட்டுதல் என்றும் இரு பொருள்கள் உள. ஹன்னா பிற்கின் 1967 இல் வெளியிட்ட நூலில் இப்பொருள்களை நுணுகிப் பிரித்துக் காட்டினார். முதலாவது பறிக்கப்பட்டபோது இரண்டாவதை எழுத்தினால் காத்தவர் என்று வேலுப்பிள்ளையை மதிப்பிடலாம். நமது விமர்சகர்கள் அவருடைய படைப்புகளில் உருவ அமைதி குறைவெனக் குறை கூறும்போது இப்பின்னணியை மறந்துவிடுகின்றனர்.

வாக்கு இல்லாத கால் நூற்றாண்டில் மலையகத்திற் பிரதிநிதி இல்லாமற் போகவில்லை. அங்கு 'பிரதிநிதி' என்ற சொல்லே தொழிற்சங்கத்துக்குரியதாயிற்று. தோட்டத் தலைவர், தோட்டக் கமிட்டி, அதற்குமேல் சங்கத்தின் மாவட்டப் பிரதிநிதி என ஓர் ஏணி அமைந்தது. வாக்குச் சீட்டின் இடத்தைச் சந்தா பெற்றது. மாதந்தோறும் செக்ரோலிற் கழிக்கப்படும் சந்தாவை நிறுத்திவிட்டு வேறு சங்கத்திற்கு மாறும் உரிமை தொழிலாளிக்கு இருந்தது. ஐந்தாண்டுக்கொருமுறை வரும் வாக்கினும் இது கூர்மையான ஆயுதம் என்று வாதிக்கவும் இடமுண்டு. ஆயினும் இதனைப் புனிதமாக்கிவிடக் கூடாது. சங்கத்தின் மேல்மட்டம் தேர்தலால் அன்றிச் செல்வாக்கினால் அமைந்தது. பெண் தொழிலாளர் சந்தாவில் பெரும்பங்கு செலுத்தினர், தலைமையில் அவர்களைக் காண்பதரிது. தொண்டமான் 1960 இலும் 1965 இலும் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றார். அதாவது, தொழிலாளி சந்தா செலுத்தினான், அரசாங்கம் ஆசனம் வழங்கியது. 1977 இல் மூன்று உறுப்பினர் கொண்ட நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியில் மூன்றாமவராக அவர் மக்கள் வாக்கால் தெரிவானபோது, 1952 இல் மூடப்பட்ட கதவு இருபத்தைந்து ஆண்டுகளின் பின் சிறிது திறந்தது. எஞ்சியோர் பிரசாவுரிமை பெறுவதற்கு 1988 இலும் 2003 இலும் சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது.

வடக்கின் கதை வேறு. அங்கு வாக்கு இருந்தது; ஆசனமும் இருந்தது. உறவின் இயல்பே கேள்விக்குரியதாயிற்று. தமிழ் உறுப்பினர் பெரும்பாலும் எதிர்க்கட்சியில் இருந்தமையால் அவரால் வீதி போடவோ உத்தியோகம் வழங்கவோ இயலாது என்பது வாக்காளனுக்குத் தெரியும். ஆகவே வாக்காளன் அவரிடம் குரலை எதிர்பார்த்தான். இது பொதுவான கூற்று. ஆனால் முற்றும் சரியன்று. 1952 இல் காங்கேசன்துறையில் எஸ். ஜே. வி. செல்வநாயகம் ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளரான நடேசனிடம் தோற்றார். 1960 இல் யாழ்ப்பாணத் தொகுதியில், அமைச்சராக இருந்து சீமெந்துத் தொழிற்சாலை முதலியவற்றுக்கு வழிகோலிய ஜீ. ஜீ. பொன்னம்பலம், ஊர் வேலைகளால் பெயரெடுத்த அல்பிரட் துரையப்பாவிடம் தோற்றார். 1970 இல் பொன்னம்பலம், அமிர்தலிங்கம், சிவசிதம்பரம், நாகநாதன் ஆகிய நால்வரும் ஒரே நாளில் வீழ்ந்தனர். தலைவர்கள் தம்மை இனத்தின் குரலாகக் கருதிக்கொண்டிருந்த வேளையில் வட்டுக்கோட்டை வாக்காளனும் உடுப்பிட்டி வாக்காளனும் தம்மைத் தொகுதிக்காரராகவும் கருதினர் என்பதையே இம்முடிவுகள் உணர்த்துகின்றன. சாதியும் ஊர்ப்பகையும் குடும்ப உறவும் இம்முடிவுகளில் வகித்த பங்கை மறுப்பதற்கில்லை. ஆயினும் பெருந்தலைவரையும் வீட்டுக்கு அனுப்பும் ஆற்றல் ஒரு சிறு நிலப்பகுதியின் வாக்காளருக்கு இருந்தது. அவ்வாறு வென்றோரிற் சிலர் 1972 ஆம் ஆண்டு யாப்பு விடயத்தில் அரசாங்கத்தின் பக்கம் சாய்ந்தபோது, அடுத்த தேர்தலில் வாக்காளர் அவர்களையும் மன்னிக்கவில்லை.

தொகுதி என்ற கருவியின் வலிமையையும் எளிமையையும் ஒருங்கே காட்டுவது காங்கேசன்துறை இடைத்தேர்தல். புதிய யாப்பைத் தமிழ் மக்கள் ஏற்கவில்லை என்பதை நிரூபிக்கத் தமது ஆசனத்தைச் செல்வநாயகம் 1972 ஒக்டோபரில் துறந்தார். அரசாங்கம் தேர்தல் வைத்துப் பார்க்கட்டும் என்று அறைகூவினார். ஒரு தொகுதியின் வாக்காளர் ஓர் இனம் முழுவதன் சார்பில் தீர்ப்புக் கூறுமாறு கேட்கப்பட்டனர். இந்த நாட்டின் தேர்தல் வரலாற்றில் இதற்கு இணையான நிகழ்ச்சி அரிது. தேர்தல் 1975 பெப்ரவரி 6 வரை நடத்தப்படவில்லை. கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலத்தைப் பெரும் வித்தியாசத்தில் வென்று செல்வநாயகம் மீண்டும் தெரிவானார். இவ்வெற்றியின் அரசியற் பொருள் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். ஆசனம் வெறுமையாயிருந்த இரண்டேகால் ஆண்டுகளைப் பற்றி எழுதியவர் இலர். அந்தக் காலத்தில் காங்கேசன்துறை வாசி தன் குறையை யாரிடம் கூறினான்? அரசாங்கம் அவனைக் காத்திருக்க வைத்தது. அவனுடைய தலைவரும் அவன் காத்திருப்பான் என்று கொண்டார். அவன் காத்திருந்தான், திரும்பவும் அவருக்கே வாக்களித்தான். அதனை அடிமைப் புத்தி என்று கூறும் இடதுசாரி நண்பர்களோடு நான் உடன்படவில்லை. தொகுதியின் நலனைக் காட்டிலும் பெரியதொன்று உண்டு என்று வாக்காளன் தானே தீர்மானிக்க உரியவன். ஆனால் அத்தீர்மானத்தை அவனிடம் கேட்டுப் பெறுவதற்கும் அவனுக்காக எடுத்துவிடுவதற்கும் உள்ள வேறுபாட்டை நம் தலைமைகள் பேணினவா என்பது ஐயத்துக்குரியது. 1931 இல் கேட்கப்படவில்லை. 1975 இல் தாமதித்தேனும் கேட்கப்பட்டது.

எழுபதுகளில் உறவின் மற்றொரு முகமும் வளர்ந்தது. 1974 இல் அறிமுகமான பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம், தொகுதி வேலைகளுக்கு ஒதுக்கிய பணத்தின்மீது உறுப்பினருக்கு ஒரு பிடியைத் தந்தது. 1977 இன் பின் வேலைவங்கி என்ற பெயரில் உத்தியோக விண்ணப்பப் படிவங்கள் உறுப்பினர் வழியாகவே வழங்கப்பட்டன. அரசின் வேலை உரிமையாக அன்றி உறுப்பினரின் கடிதமாக வீடு வந்தது. எனது சிறுவயதில் தந்தையார் ஓர் இடமாற்றத்திற்காக உறுப்பினர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் காத்திருந்ததை நான் அறிவேன். நான்காவது ஞாயிறு கடிதம் கிடைத்தது. இடமாற்றமும் கிடைத்தது. அதன் பின்னர் அவர் அவ்வுறுப்பினரைப் பற்றி வீட்டிலும் குறை பேசியதில்லை. நன்றியுடையவன் விமர்சகனாக இருப்பது கடினம். தொகுதி உறவு நெருக்கமானது என்று சொல்லும்போது இந்த நெருக்கத்தையும் சேர்த்தே சொல்கின்றோம்.

1977 இல் வட மாகாணத்தின் பதினான்கு ஆசனங்களையும் தமிழர் விடுதலைக் கூட்டணி வென்றது. 1982 டிசம்பர் 22 ஆம் திகதி நடைபெற்ற சர்வசன வாக்கெடுப்பினால், தேர்தல் நடத்தாமலே பாராளுமன்றத்தின் ஆயுள் மேலும் ஆறாண்டு நீடிக்கப்பட்டது. 1983 ஆகத்து மாதத்தில் நிறைவேறிய ஆறாவது திருத்தம் கோரிய சத்தியப்பிரமாணத்தை எடுக்காத கூட்டணி உறுப்பினர் ஆசனங்களை இழந்தனர். 1989 பெப்ரவரித் தேர்தல் வரை வடபகுதித் தொகுதிகளுக்கு மக்கள் தெரிந்த உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. அவ்வாண்டுகளில் அங்கு நிகழ்ந்தவற்றை ஈண்டு விரிக்க வேண்டியதில்லை. ஒரு மக்கட் கூட்டத்திற்குப் பேசுவோர் தேவைப்பட்ட வேளையில் பாராளுமன்றத்தில் அவர்களின் இருக்கைகள் காலியாக இருந்தன என்பது போதும்.

1989 இல் முதன்முறையாக நடைமுறைக்கு வந்த விகிதாசார முறையில், தொகுதி என்பது வாக்கெண்ணும் அலகாகச் சுருங்கிற்று. 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து 196 பேர். தேசியப் பட்டியலிலிருந்து 29 பேர். இடைத்தேர்தல் ஒழிந்தது, ஆசனம் வெறுமையானால் பட்டியலில் அடுத்தவர் வருவார். காங்கேசன்துறையில் நடந்தது இனி எங்கும் நடக்க முடியாது என்பதே இதன் பொருள். விருப்பு வாக்கு முறை வேறு ஒரு விந்தையைச் செய்தது. வேட்பாளர் மாவட்டம் முழுவதும் அலைந்து, எதிர்க்கட்சியினும் தன் பட்டியலில் உள்ள தோழனையே முதலில் வெல்ல வேண்டியவராயினார். அதற்குப் பணம் வேண்டும். பணம் கொடுத்தவன் தன் தொகுதியாகிவிடுகின்றான். இவையெல்லாம் பலரும் கூறும் குறைகள், நியாயமானவை. ஆனால் இம்முறையால், மாவட்டங்களிற் சிதறி வாழும் சிறுபான்மையினர் ஒரு தொகுதியில் என்றும் சிறுபான்மையாக நின்று தோற்காமல், மாவட்ட அளவில் ஒன்றுசேர்ந்து ஓர் உறுப்பினரைப் பெறுதல் சாத்தியமாயிற்று. தொகுதியை மீட்க வேண்டும் என்போர் கண்டி, பதுளை மாவட்டத்துத் தமிழ் வாக்காளரிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

இம்முறையின் மெய்யான கொடுமை வேறோரிடத்தில் உள்ளது. மாவட்டங்களுக்கிடையே ஆசனங்களைப் பங்கிடுவதற்கு இப்போது எண்ணப்படுவோர் ஆட்களல்லர். இடாப்பிற் பதிந்த வாக்காளர். 1977 இல் கிளிநொச்சி உட்பட யாழ்ப்பாண மாவட்டத்தில் பதினொரு தொகுதிகள் பதினொரு உறுப்பினரை அனுப்பின. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திற்கு 2010 இல் ஒன்பது ஆசனங்கள். 2015 இல் ஏழு. 2024 இல் ஆறு. இடம்பெயர்ந்தோரும் கடல் கடந்தோரும் இறந்தோரும் இடாப்பிலிருந்து நீங்க நீங்க ஆசனங்களும் நீங்கின. ஐம்பதுகளில் மலையகத்தில் ஆட்களை எண்ணியது அநீதியாயிற்று. இன்று வடக்கில் வாக்காளரை எண்ணுவது இழப்பாகியுள்ளது. எண்ணும் விதி ஒவ்வொரு முறையும் பலவீனமானவன் நிற்கும் பக்கத்துக்கு எதிராகவே திரும்பியிருப்பது தற்செயல்தானா என்று கேட்கத் தோன்றுகின்றது.

2024 நவம்பர் 14 ஆம் திகதித் தேர்தலில் அவ்வாறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. தமிழ்த் தேசியத்தின் வீழ்ச்சி என்று சிலரும், கணநேர அலை என்று சிலரும் இதனை விளக்கினர். 1970 ஐ மறவாதோர்க்கு இது அத்துணை வியப்பன்று. குரலை மட்டும் தந்துவிட்டுத் தொகுதிப் பக்கம் வராதோரைப் பற்றி வாக்காளனுக்கு ஒரு கணக்கு எப்போதும் இருந்துவந்துள்ளது. அவன் அதனை அடிக்கடி காட்டுவதில்லை.

கலப்பு முறையே தீர்வு என்று கூறுவோர் இன்று பலர். 2015 இல் அதற்கான திருத்த முன்மொழிவு வர்த்தமானியோடு நின்றது. மாகாண சபைகளுக்கு 2017 இல் அம்முறை சட்டமாயிற்று. ஆனால் எல்லை நிர்ணய அறிக்கை 2018 இல் பாராளுமன்றத்தில் நிராகரிக்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் வட மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்த பின் ஆண்டுகள் பல சென்றும் தேர்தல் வரவில்லை. நல்ல முறையைத் தேடியதில் இருந்த முறையும் போயிற்று. உள்ளூராட்சி மன்றங்களில் மட்டும், 2018 பெப்ரவரித் தேர்தலிலிருந்து, நூற்றுக்கு அறுபது உறுப்பினர் வட்டாரங்களிலிருந்து தெரிவாகின்றனர். வட்டார உறுப்பினரின் வீட்டுப் படலை மீண்டும் சனங்களுக்குத் தெரிந்துள்ளது. விறாந்தைகள் மீண்டும் நிரம்புகின்றன.

ஆனால் நுவரெலியாப் பகுதித் தோட்டமொன்றில் ஓர் உறுப்பினர் என்ன செய்யலாம் என்பதை வட்டாரம் தீர்மானிப்பதில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் சபை பணம் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. 1991 இல் முதலாவது பிரதேச சபைத் தேர்தல் நடந்ததிலிருந்து தோட்டத்து மக்கள் வாக்களித்தனர். தம்மவர் சிலரைத் தெரிந்தும் அனுப்பினர். தெரிவானவர் தன்னைத் தெரிந்தவரின் லயத்து வாசலுக்கு ஒரு படிக்கல் போட முயன்றால், அது தனியார் தோட்டக் காணி என்று சட்டம் குறுக்கே நின்றது. அப்பிரிவு 2018 இலேயே திருத்தப்பட்டது. இப்போது அவ்வழியில் சபை கல் பரப்பலாம். அவ்வழி சென்று சேரும் லயங்களிற் பெரும்பாலானவை நிற்கும் நிலம் இன்னும் அவற்றில் வாழ்வோருடையதன்று.